அம்மா பாடாத சனிக்கிழமைகள்

அம்மா பாட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் லேசாக அதிரும். மலேசியாவில் பத்து பாகாட் என்ற எங்கள் ஊரில் அந்தக் காலத்து வரிசை வீடுகளில் நீளக் கண்ணாடிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய ஜன்னல்கள்தான் இருந்தன. எங்கள் வீட்டில் இரண்டு பட்டைகள் சட்டத்தில் சரியாக உட்காராமல் தளர்ந்திருந்ததால், அம்மா மேல் ஸ்தாயியில் ஒரு வரியைப் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் அவை 'கிர்ர்' என்று கூடவே சேர்ந்துகொள்ளும். நானும் தம்பியும் தினமும் வெங்காயம் வதங்கும் மணத்துக்கும் அந்தக் குரலுக்கும்தான் கண் விழிப்போம். அப்பா போர்வைக்குள் இருந்தபடியே, "உங்கம்மா இருக்கிற வீட்டுக்கு அலாரம் எதுக்குலா?" என்பார்.

அம்மாவின் பெயர் எஸ்தர். ஊருக்கு வெளியே இருந்த துணித் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் காலர் தைக்கும் வேலை பார்த்தார். அப்பா அதே தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். எங்கள் தமிழ்ச் சபை மிகச் சிறியது. சீனச் சபையாருக்குச் சொந்தமான கட்டடத்தில், அவர்களுடைய ஆராதனை முடிந்து நாற்காலிகளின் சூடு ஆறுவதற்குள் எங்களுடையது தொடங்கிவிடும். பாடகர் குழுவை அம்மாதான் நடத்தினார். கல்யாணமோ அடக்க ஆராதனையோ பிறந்தநாள் ஜெபமோ, எஸ்தரக்காவுக்கு அன்றைக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் தேதியே குறிப்பார்கள். நன்றாகப் பாடினீர்கள் என்று யாராவது சொன்னால், "குரல் கர்த்தர் கொடுத்தது. நான் வாயைத் திறக்கிறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அம்மாவின் வாரத்தில் ஊசி நுழையவும் இடம் இருக்காது. "ஓட்டி" என்று எல்லோரும் சொல்லும் மிகைநேர வேலை இல்லாத மாலைகளில் ஜெபக் கூட்டம், சனிக்கிழமை காலை முழுவதும் பாட்டுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை சபை. நானும் தம்பியும் தொலைக்காட்சி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், "நேரமும் கர்த்தர் கொடுத்ததுதான். என்ன பண்ணேன்னு ஒரு நாள் கேப்பாரு" என்று சொல்லி ஆளுக்கொரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. கடவுள் கொடுத்த குரலில் கடவுளுக்கே பாடினேன் என்று சொல்ல வேண்டியதுதானே.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவின் கழுத்தில் ஒரு வீக்கம் தென்பட்டது. சங்கிலி இறுக்குகிறது என்று முதலில் அதைக் கழற்றி வைத்தார். பிறகு சோறு விழுங்கவே சிரமமாகிப் போனதால், ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. குரல் நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாதிப்பு வரலாம் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. ஆனால் மயக்கம் தெளிந்து அம்மா எங்களைக் கூப்பிட வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தது. காதருகே குனிந்து கேட்டால் மட்டும் புரிகிற ஒரு கிசுகிசுப்பு, அதுவும் இரண்டு வாக்கியத்தோடு களைத்துவிடும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதலில் நிறையப் பேர் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது, மெல்ல மெல்ல வருகை குறைந்தது. பாடகர் குழுவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். எப்போதும் முன்வரிசைக்கு முன்னால் நின்ற அம்மா, கடைசி வரிசையில், மின்விசிறி எட்டாத மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிறு பாஸ்டர் தாலந்துகளின் உவமையைப் பிரசங்கித்தார். எஜமான் பயணம் போகிறார், வேலைக்காரர்களிடம் தன் பொருளைப் பிரித்துக் கொடுக்கிறார், ஒருவன் மட்டும் தனக்குக் கிடைத்ததை மண்ணில் புதைத்து வைத்துக் கெட்ட பெயர் வாங்குகிறான். எங்கள் பாஸ்டர் வயதில் சிறியவர், நல்ல மனிதர், யாரையும் மனதில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் பாதிப் பிரசங்கத்தில் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வேனுக்குள் அம்மா தொண்டையைக் கையால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"புதைச்சு வச்சவனத் திட்டுறாரு. சரி. பறிகொடுத்தவ வந்து நின்னா என்ன சொல்வாரு?"

 அப்பா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். அதற்கப்புறம் அம்மா சபைக்கு வரவில்லை.

தொழிற்சாலையில் நீண்ட விடுப்பு. பிள்ளைகளும் கணவரும் கிளம்பிப் போன வீட்டில் அம்மா தனியாக, அவருடைய வாழ்க்கையில் முதல் முறையாக, கை நிறைய நேரத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் பள்ளி விட்டு வரும்போது பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் இருப்பார். எங்கள் "தாமான்" குடியிருப்பில் வீடுகளின் பின்புறங்கள் ஒரு குறுகிய சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். வீட்டுக்கு வீடு இடுப்பளவுச் சுவர்தான். கறிவேப்பிலை கேட்பது, கிண்ணத்தில் குழம்பு கைமாறுவது, ஊர்வம்பு எல்லாம் அந்தச் சுவரின் மேல்தான் நடக்கும். அம்மாவுக்கு முன்பெல்லாம் அதற்கு நேரம் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டில் பாக்கியம் ஆன்ட்டி, அவருடைய மகன் மணி அண்ணன், மருமகள் ரேவதி அக்கா. மணி அண்ணன் சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரியில் வேலை செய்தார். ரேவதி அக்கா பாலோ என்ற ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். குழந்தையாக இருக்கும்போது வந்த கடுமையான காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது, பேச்சும் வரவில்லை. சிறு வயதில் ஒரு சிறப்புப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்ததோடு சரி. தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை, "ஊமப் பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். பாக்கியம் ஆன்ட்டி கெட்டவர் இல்லை. மருமகளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார். அடுத்த தெருவில் இருப்பவர்களுக்குக் கூட அந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று தெரியும், ரேவதி அக்காவுக்கு மட்டும் தெரியாது.

ஒரு மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ரேவதி அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார், காயப்போட்ட துணியெல்லாம் நனைகிறது. சத்தம் போட அம்மாவிடம் குரல் இல்லை. போட்டாலும் கேட்க அக்காவுக்குக் காது இல்லை. அம்மா ஓர் ஈரத் துண்டைச் சுருட்டி எறிந்தார். அது அக்காவின் தலையில் போய் உட்கார்ந்தது. திடுக்கிட்டுத் திரும்பியவர், சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தரக்கா கையை ஆட்டி வானத்தைக் காட்டி வாயைப் பெரிதாக அசைப்பதைப் பார்த்தார். "மழ! துணி!" அடுத்த கணம் இருவரும் நனைந்துகொண்டே துணிகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா சிரித்து நான் பார்த்து அப்போது வெகு நாளாகியிருந்தது. சத்தமே வராமல் தோள் குலுங்கும் ஒரு சிரிப்பு. ரேவதி அக்காவின் சிரிப்பும் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் அம்மா ஒன்றைக் கண்டுகொண்டார். பாடகர் குழுவை நடத்துகிறவர் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு அடுத்த வரியை வாயசைத்தே காட்டுவார் அல்லவா, அத்தனை வருடம் அப்படிச் செய்து செய்து அம்மாவின் உதடுகள் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உருவாக்கப் பழகியிருந்தன. மற்றவர்களின் வாயசைவில் அரைகுறையாகக் கூடப் பிடிபடாத தமிழ், அம்மாவின் வாயில் ரேவதி அக்காவுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் தினமும் அந்தச் சுவரருகே இருவரும் நின்றார்கள். அம்மா வாயசைப்பார், அக்கா கையால் பதில் சொல்வார், புரியாத இடங்களில் இருவரும் சேர்ந்து ஒரு சைகையை உண்டாக்கிக்கொள்வார்கள். அம்மா குரலை வரவழைக்க முக்கினால் அக்கா சட்டென்று எட்டி அம்மாவின் தொண்டையில் கைவைத்து, வேண்டாம் என்று தலையசைப்பார். எங்கள் யாரையும் தொண்டையைத் தொடவிடாத அம்மா, அந்தக் கைக்கு மட்டும் கட்டுப்பட்டார்.

ரேவதி அக்காவுக்கு வயிற்றில் குழந்தை தங்கியதும் முதலில் தெரிந்துகொண்டவர் அம்மாதான். குழந்தை அசையத் தொடங்கிய பிறகு அக்கா ஒரு புதுச் சைகை கொண்டு வந்தார். ஒரு கையின் உள்ளங்கையைக் குவித்து, மற்ற கையின் முட்டியை அதற்குள் வைத்து, மீன் துள்ளுவதுபோல் அசைத்துக் காட்டுவார். சமையலுக்கு நடுவில் கூட ஓடிவந்து சுவர் மேலாக அதைக் காட்டிவிட்டுப் போவார்.

எட்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வேறு ஒரு காலமாக இருந்திருந்தால் அம்மா அந்த நேரத்தில் பாட்டுப் பயிற்சியில் இருந்திருப்பார். நான் சமையலறையில் பால் குடித்துக்கொண்டிருந்தேன். பின் கதவைத் தட்டாமலே ரேவதி அக்கா உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கையைக் குவித்தார், முட்டியை வைத்தார், அப்படியே நிறுத்தினார். முட்டி அசையவில்லை.

பின்னாலேயே பாக்கியம் ஆன்ட்டி வந்தார். "காலையிலேருந்து இதே ஆர்ப்பாட்டம் எஸ்தரு. வயித்தக் காட்டுறா, அழுவுறா. பசியான்னு கேட்டேன், சோறு போட்டேன், தள்ளி விட்டுட்டா. சூடு புடிச்சிருக்கும், நான் எளநி வாங்கித் தரலாம்னு பார்க்கிறேன்."

அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தார். எப்போதிருந்து என்று வாயசைத்தார். நேற்று மாலை சூரியன் இறங்குவதை அக்கா கையால் காட்டினார். அம்மா என்னை இழுத்துக் காதில் சொன்னார். நான் உரக்கச் சொன்னேன்: "ஆன்ட்டி, நேத்து சாயந்தரத்திலேருந்து பாப்பா அசையலையாம். அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்றாங்க."

"பிள்ள உள்ள தூங்கும்லா. எனக்கு மணி வயித்தில இருக்கும்போது..." என்று ஆன்ட்டி ஆரம்பித்தார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று மட்டும் தலையை ஆட்டினார். அந்தப் பிடியில் என்ன இருந்ததோ, ஆன்ட்டி செருப்பைத் தேடினார். தம்பியை எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் விட்டோம். அப்பா எங்களைத் தொழிற்சாலை வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

மணி அண்ணன் அன்று சிங்கப்பூர்ப் பக்கம் இருந்தார், தகவல் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரியில் "மிஸி" என்று எல்லோரும் அழைக்கும் நர்ஸ் மலாயில் கேள்விகளைக் கேட்டார். அவர் கேட்டதை நான் தமிழில் அம்மாவிடம் சொல்ல, அம்மா ரேவதி அக்காவிடம் வாயாலும் கையாலும் கேட்க, அக்கா காட்டிய பதிலை அம்மா என் காதில் ஊத, நான் அதை மலாயில் மிஸியிடம் சொன்னேன். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் எழுந்து வாசிக்கக் கூச்சப்படும் நான் அன்று ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். மறுபடி இடம் மாற்றி வைத்தார். இதயத் துடிப்பு இருக்கிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது, இப்போதே வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்றார்.

அதன்பின் எல்லோரும் வேகமாக ஓடினார்கள். முகமூடி கட்டிய நான்கைந்து பேர் கட்டிலைச் சூழ்ந்ததும் ரேவதி அக்கா கைகாலை உதறிக்கொண்டு எழப் பார்த்தார். ஏன் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. எல்லோருடைய வாயும் மூடியிருக்கிறது. அக்காவுக்கு அந்த அறையில் பேசுகிறவர் ஒருவர் கூட இல்லை. அம்மா மிஸியின் கையைத் தொட்டு, இரண்டு நிமிடம் என்று கெஞ்சினார். நான் அதை மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா தலையசைத்தார். அம்மா அக்காவின் தலைமாட்டில் குனிந்து, முகத்தை முகத்துக்கு நேராக வைத்து, நிதானமாக வாயசைத்தார். இவர்கள் முகத்தை மூடியிருப்பார்கள். பயப்படாதே. உன்னைத் தூங்க வைப்பார்கள். கண் விழிக்கும்போது நான் இங்கேயே இருப்பேன். என்ன பிள்ளை என்று நான் உனக்குச் சொல்வேன்.

அக்காவின் கை அம்மாவின் தொண்டையில் வந்து நின்றது. அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பாக்கியம் ஆன்ட்டி கழுத்துச் சங்கிலியில் இருந்த முருகன் டாலரைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். அம்மா கண்ணை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். அது ஜெபமா பாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை பெண். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். உள்ளங்கை அளவு முகத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், பாக்கியம் ஆன்ட்டி அம்மாவின் தோளில் சாய்ந்து, "நான் தூங்குதுன்னு சொன்னேனே எஸ்தரு... அவ சொன்னது எனக்கு வெளங்கலையே" என்று விம்மினார். அக்கா கண் திறந்தபோது, சொன்ன சொல்படி அம்மாதான் எதிரில் இருந்தார்.

மறுநாள் அம்மா தாமாகவே சேலை கட்டிக்கொண்டு, சபைக்குப் போகலாம் என்று அப்பாவுக்குக் கைகாட்டினார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நேரே எங்களிடம் வந்தார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது.

"அக்கா, இதுக்காகத்தான் கர்த்தர் உங்க குரல எடுத்தாருன்னு நெனைக்கிறீங்களா?" என்று தயக்கத்தோடு கேட்டார்.

 அம்மா என் தோளில் கைவைத்துக்கொண்டு, பாஸ்டரைக் குனியச் சொல்லி, நிறுத்தி நிறுத்திக் காதில் பேசினார். பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது. "அப்படிச் சொல்ல எனக்குத் தெரியாது பாஸ்டர். குரல் போனது இன்னும் வலிக்குது. பாட முடிஞ்சா இன்னிக்கே பாடுவேன். ஆனா போனத நெனச்சு அழுதுகிட்டே, கையில இருந்த நேரத்தப் பார்க்காம விட்டிருந்தேன். அதுவும் அவரு கொடுத்ததுதானே? ரேவதி பக்கத்து வீட்டுலதான் இருந்தா. இவ்ளோ நாளா அவகிட்ட பேச எனக்கு நேரமே இல்லாம போச்சே."

 பாஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அம்மா பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. விடுப்பு முடிந்து தொழிற்சாலைக்குப் போனபோது, துணிகளைச் சரிபார்க்கும் பிரிவில் காது கேளாத பெண்கள் சிலர் இத்தனை வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. அவர்களுக்கும் ரேவதி அக்காவுக்கும் அறிமுகம் ஏற்பட்டது. சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு முன்னறை நிரம்பத் தொடங்கியது. மலாய்ப் பெண், சீனப் பெண், தமிழ்ப் பெண் என்று எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து கையால் பேசித் தள்ளுவார்கள். ஒருவரைக் கூப்பிடத் தரையைக் குத்துவார்கள், சிமெண்டுத் தரை 'தும் தும்' என்று ஒலிக்கும். கிளினிக்குக்கோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ, சம்பந்தி வீட்டோடு பேசவோ ஆள் வேண்டுமென்றால் அம்மா கூடப் போவார். நானும் அம்மாவுக்கு வாயாகக் கூடவே போவேன். அப்பா எல்லோருக்கும் கோப்பி கலக்கப் பழகிக்கொண்டார். பாக்கியம் ஆன்ட்டியும் மெல்ல மெல்லக் கத்துவதை நிறுத்திவிட்டு, பேத்தியோடு சேர்ந்து சைகை கற்றுக்கொண்டார்.

இப்போது நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். விடிவதற்கு முன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவளுக்கு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைச் சரிசெய்ய இந்த வருடம்தான் முயன்று வருகிறேன். மாதத்துக்கு ஒரு முறை பத்து பாகாட் போகிறேன். துணித் தொழிற்சாலை மூடப்பட்டு, அந்த இடம் கிடங்காகிவிட்டது. எங்கள் வரிசையில் எல்லோரும் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டிக்கொண்டதால் இடுப்பளவுச் சுவர்கள் போய், ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய சுவர்கள் வந்துவிட்டன. சந்தில் இப்போது குப்பைத் தொட்டிகள்தான் நிற்கின்றன. அப்பா இல்லை, பாக்கியம் ஆன்ட்டி இல்லை. அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் திரும்பி, கரகரத்த தாழ்ந்த பேச்சாக நின்றுவிட்டது. பழைய குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. எப்போதும் கூடவே இருக்கப் போகிறது என்று நினைத்து யாரும் பதிவு செய்யவில்லை. நான் எவ்வளவு முயன்றாலும் அது என் நினைவில் முழுதாக எழுவதில்லை.

சென்ற மாதம் ரேவதி அக்கா வந்திருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் கிடந்த அந்த மகள்தான் காரில் கொண்டுவந்து விட்டுப் போனாள். பேச்சுக்கு நடுவில் அக்கா என் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்தில் ஒருபோதும் கேட்காத ஒன்றைச் சைகையில் கேட்டார்: உங்கம்மாவின் பாட்டு எப்படி இருக்கும்?

நான் கையை உயர்த்தினேன். ஒலியைக் கேட்ட நினைவே இல்லாத ஒருவருக்கு ஒரு குரலை எப்படிச் சொல்வது? விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தானே பதில் சொன்னார். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் காட்டினார்: ஒரே சத்தம்.

இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.